மருத்துவிச்சியும் விளையாட்டுக் கல்வியும்



விளையாட்டு என்னும் சொல்லை நாம் இரண்டு பொருளில் வழங்கி வருகிறோம். சிறுவர் முற்றத்தில் ஆடும் கிளித்தட்டும், பெரியவர் திண்ணையில் இருந்து ஆடும் தாயமும் விளையாட்டு. பொறுப்பின்றி ஒரு காரியத்தைச் செய்தவனைப் பார்த்து, "உனக்கு எல்லாம் விளையாட்டாய்ப் போயிற்று" என்று கடிந்து கொள்ளும்போதும் அதே சொல்லைத்தான் கையாளுகிறோம். இந்த இரண்டாவது பொருள் நம் மனத்தில் ஊறிவிட்டபடியால், பாடமும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோர் பலர். அதிலும், தாய் சேய் இருவரின் உயிரும் ஊசலாடக்கூடிய பிரசவ அறைக்கு வேண்டிய கல்வியை விளையாட்டின் மூலம் புகட்டலாம் என்று ஒருவர் சொன்னால், அவரைச் சற்று ஐயத்தோடு நோக்குவது இயல்பே.

ஆயினும் இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். மருத்துவிச்சியாகப் பயிலும் மாணவிகளை ஆபத்து வேளைக்கு ஆயத்தப்படுத்துவதில் கல்வி விளையாட்டுக்களுக்கு உள்ள இடம் யாது? நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவர் அல்லேன். பல்லாண்டுகளை வகுப்பறையில் கழித்த ஓர் ஆசிரியர் என்ற முறையில், கற்பித்தல் பற்றிய ஒரு கேள்வியாகவே இதனை நோக்குகிறேன்.

நமது நாட்டில் மருத்துவிச்சியை அறியாத குடும்பம் இல்லை. மருத்துவமாது என்றும், குடும்பநல உத்தியோகத்தர் என்றும் பெயர்கள் மாறி வந்திருக்கலாம், பணி மாறவில்லை. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலம் முதலாக, கர்ப்பிணியின் வீடு தேடிச் சென்று, நலம் விசாரித்து, ஆபத்தின் அறிகுறி கண்டால் வைத்தியசாலைக்கு அனுப்பி வைக்கும் ஒழுங்கு இந்நாட்டில் வேரூன்றியது. 1930களில், உயிருடன் பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ 2,000 தாய்மார் உயிர் துறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை 30 அளவுக்குக் குறைந்திருக்கிறது. மலேரியா அடங்கியதும், இலவச வைத்தியமும், பெண்கள் எழுத்தறிவு பெற்றதும் இதற்குத் துணை நின்றன. எனினும், பயிற்றப்பட்ட மருத்துவிச்சியின் கை பேற்றின்போது பக்கத்தில் இருந்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

இந்த வெற்றிக்குள்ளே ஆசிரியருக்கு ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஆபத்துக் குறையக் குறைய, அதனைக் கண்ணால் காணும் மாணவியரும் குறைகின்றனர். ஓர் உதாரணம் சொல்லுகிறேன். குழந்தையின் தலை வெளிவந்த பின் தோள் தாயின் இடுப்பு எலும்பில் மாட்டிக் கொள்வது ஒரு பேராபத்து. தோள்சிக்கல் என்று அதனைச் சொல்லலாம். இது ஏறத்தாழ 150 முதல் 200 வரையான பேறுகளில் ஒன்றில் நேர்வது. தன் பயிற்சிக் காலத்தில் நூறு பேறுகளில் உடனிருந்த மாணவிகூட இதனை ஒரு முறையேனும் காணாமல் சான்றிதழ் பெற்று வெளியேறக்கூடும். காண நேர்ந்தாலும், மூத்தவர்கள் முன்னே பாய்ந்து செயற்பட, மாணவி சுவரோரம் ஒதுங்கி நிற்பாள். அதுவே நியாயமும் ஆகும். உயிர் போகும் வேளையில் ஒருத்தியைக் கற்றுக்கொள்ளும்படி விடலாமா?

இவ்வாறு பயின்று வெளியேறியவள் பின்னர் எங்கே பணிபுரிவாள் என்பதை எண்ணிப் பாருங்கள். நிபுணர்கள் நிறைந்த பெரிய வைத்தியசாலையிலே பணிபுரியலாம். அல்லது நெடுந்தீவு போன்ற, கடல் கடந்தாலன்றிப் பெரிய வைத்தியசாலையை அடைய முடியாத ஓர் ஊரிலே, காற்றும் மழையும் கலந்த ஓர் இரவிலே, தன்னந்தனியாக முடிவு எடுக்க வேண்டியும் நேரலாம். வாழ்நாளில் முதன் முறையாக அவள் காணும் தோள்சிக்கல், அவளே கையாள வேண்டிய தோள்சிக்கலாக அமைந்துவிடக் கூடாது.

"புத்தகத்தில் படித்திருப்பாளே, பரீட்சையில் விடை எழுதியிருப்பாளே" என்று நேயர்கள் கேட்கலாம். உண்மை. தாயின் முழங்கால்களை மடக்கி வயிற்றோடு சேர்த்து உயர்த்த வேண்டும், அடிவயிற்றின் கீழ் எலும்புக்கு மேலே அழுத்த வேண்டும், குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இழுத்தால் கைக்குச் செல்லும் நரம்புகள் அறுந்து கை சோர்ந்துவிடும் என்றெல்லாம் அவள் அழகான கையெழுத்தில் எழுதிப் பத்துக்குப் பத்துப் புள்ளிகள் பெற்றிருப்பாள். ஆனால் பரீட்சை மண்டபத்தில் யாரும் அலறுவதில்லை. கடிகாரம் அங்கே மணிக்கணக்கில் ஓடுகிறது. பிரசவ அறையிலோ விநாடிக் கணக்கில் ஓடுகிறது. அச்சம் வந்ததும் மனம் அறிந்தது பின்வாங்குகிறது. கை பழகியது முன்வருகிறது. இழுக்கக்கூடாது என்று எழுதிய அதே கை, பதற்றத்தில் இழுத்துவிடும். ஆகையினால், ஆபத்துக்கு வேண்டிய கல்வியைக் கைக்கும் நாவுக்கும் கண்ணுக்கும் பழக்கமாக்க வேண்டும். அரிதாய் வருவதை அடிக்கடி ஆடிப் பார்ப்பதே அதற்கு வழி.

இது புதுமையான எண்ணம் என்று கருத வேண்டாம். பிரான்சு தேசத்திலே 18ஆம் நூற்றாண்டில் மடாம் து கூத்ரே என்ற மருத்துவிச்சி வாழ்ந்தார். கிராமங்களில் தாயும் சேயும் மடிவதைத் தடுக்கும் பொருட்டு, நாடெங்கும் சென்று பேறு பார்க்கும் கலையைக் கற்பிக்குமாறு பதினைந்தாம் லூயி மன்னன் 1759இல் அவருக்கு ஆணை வழங்கினான். அவரிடம் பயில வந்தவர்களில் மிகப் பலர் எழுத்தறியாத கிராமப் பெண்கள். அவர்களுக்குப் புத்தகத்தால் என்ன பயன்? ஆதலால் அவர் துணியும் தோலும் பஞ்சும் கொண்டு, ஆள் அளவான ஒரு பொம்மை செய்வித்தார். இடுப்பும் கருப்பையும் உள்ளே குழந்தையும் கொண்ட அப்பொம்மையில், குழந்தை எந்தெந்த நிலையில் கிடக்கக்கூடும், எப்படித் திருப்பி எடுக்க வேண்டும் என்பதை அப்பெண்கள் தம் கையாலேயே மீண்டும் மீண்டும் செய்து பழகினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் இவ்வாறு ஊர் ஊராகச் சென்றார். அப்பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகரத்து அரும்பொருட்சாலையில் இருக்கிறது.

வேறொரு துறையிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். அமெரிக்காவில் எட்வின் லிங் என்பவர், தம் குடும்பத்தினர் ஓர்கன் வாத்தியம் செய்து வந்த தொழிற்சாலையின் துருத்திகளைக் கொண்டே, நிலத்தில் நின்றபடி ஆடி அசையும் ஒரு சிறு விமானத்தை 1929இல் அமைத்தார். விமானிகளைப் பயிற்றும் நோக்கத்துடனேயே அவர் அதனைச் செய்தார். ஆனால் அதனை ஆரம்பத்தில் விலைக்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் களியாட்டப் பூங்கா நடத்துவோர்தாம். சிறுவர் காசு கொடுத்து ஏறி மகிழ்ந்தனர். 1934இல், தபால் கொண்டு சென்ற இராணுவ விமானிகள் பலர் மோசமான காலநிலையில் விழுந்து மாண்ட பின்னரே, இராணுவம் அவ்விளையாட்டு விமானத்தைப் பயிற்சிக்காக வாங்கியது. இன்று நாம் ஏறிச் செல்லும் விமானத்தின் ஓட்டி, எஞ்சின் தீப்பற்றுவது போன்ற ஆபத்துக்களைத் தரையிலுள்ள கூண்டில் இருந்தபடியே பலமுறை சந்தித்திருக்கிறார் என்பதனாலேயே நாம் நிம்மதியாகப் பயணம் செய்கிறோம்.

மருத்துவத்திலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையைப் பழகுவதற்கு உலகெங்கும் பயன்படும் 'ஆன்' என்ற பொம்மையை 1960இல் உருவாக்கியவர், நோர்வே நாட்டின் ஓஸ்முண்ட் லார்டால் என்னும் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர். சிறுமியர் கொஞ்சும் பொம்மைகளைச் செய்த கை அது. அவர் தொடங்கிய அதே நிறுவனம், பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு உதவும் பயிற்சிக்கென ஒரு குழந்தைப் பொம்மையையும் பின்னர் செய்தது. அதனுள்ளே நீரை நிரப்பினால் உண்மைக் குழந்தையின் பாரமும் துவட்சியும் வந்துவிடும். 2010இல் தொடங்கிய 'குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்' என்ற சர்வதேசப் பயிற்சித் திட்டம் அப்பொம்மையைக் கொண்டே நடைபெறுகிறது. பிறந்த பின் வரும் முதல் நிமிடத்தைப் பொன்னான நிமிடம் என்று அத்திட்டம் அழைக்கிறது. அழாத குழந்தைக்கு அந்த ஒரு நிமிடத்துக்குள் மூச்சூட்டத் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி.

சரி, மருத்துவிச்சிகளின் வகுப்பறையில் எத்தகைய விளையாட்டுக்களை ஆடலாம்? உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட மருத்துவிச்சியர் கல்விக்கான பாடத்தொகுதிகளிலே, சம்பவ ஆய்வு, பாத்திரமேற்று நடித்தல் என்பவற்றோடு கல்வி விளையாட்டுக்களும் கற்பிக்கும் முறைகளாக இடம்பெற்றிருக்கின்றன. அவ்வகையில் மூன்று விளையாட்டுக்களை விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, கண்ணுக்கான விளையாட்டு. பேற்றின் பின் ஏற்படும் குருதிப்பெருக்கே உலகெங்கும் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் முதன்மையானது. 500 மில்லிலீற்றர் அல்லது அதற்கு மேல் குருதி போனால் அதனைக் குருதிப்பெருக்கு என்பர். ஆனால் விரிப்பிலும் துணியிலும் தரையிலும் பரவிய குருதியைப் பார்த்து அளவு சொல்வது எளிதன்று. விளையாட்டு இதுதான். ஆசிரியர் சிவப்புச் சாயம் கலந்த நீரை அளந்து, ஒரு மேசையில் துணியிலும், இன்னொன்றில் தட்டத்திலும், வேறொன்றில் நனைந்த விரிப்பிலும் ஊற்றி வைக்கிறார். மாணவிகள் ஒவ்வொரு மேசையாகச் சென்று, தம் மதிப்பீட்டைக் கடதாசித் துண்டில் எழுதுகிறார்கள். பின்னர் உண்மையான அளவு வாசிக்கப்படும். சிரிப்பும் வியப்பும் எழும்; பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டிருப்பர். குருதி அதிகமாக அதிகமாகக் கண் மேலும் ஏமாறும்.

இது வெறும் வேடிக்கையன்று. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. வழக்கம்போலக் கண்ணால் பார்த்து மதிப்பிட்ட இடங்களில் குருதிப்பெருக்கு நேர்ந்த தாய்மாரில் ஏறத்தாழப் பாதிப்பேரே உரிய வேளையில் கண்டறியப்பட்டனர். அளவுக் கோடுகள் இட்ட பை தாயின் கீழே வைக்கப்பட்டு, சிகிச்சைகள் யாவும் ஒருசேரத் தொடங்கப்பட்ட இடங்களில் நூற்றுக்கு 93 பேர் கண்டறியப்பட்டனர். ஆகவே கண்ணை நம்பாதே, அளந்து பார் என்னும் பாடத்தை மாணவி தன் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அதைப் பத்து முறை விரிவுரையாகக் கேட்பதைவிட, ஒரு முறை தானே ஏமாந்து அறிவது நன்று. இந்த வகுப்பில் ஏமாந்ததனால் எந்தத் தாய்க்கும் தீங்கில்லை.

இரண்டாவது, சிந்தனைக்கான விளையாட்டு. நம் முன்னோர் ஆடிய பரமபதத்தை நேயர்கள் அறிவீர்கள். பாம்பும் ஏணியும் என்று இன்றைய பிள்ளைகள் ஆடுவதன் மூலம் அதுவே. பழைய பலகையில் ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு தீவினையின் பெயர். ஒவ்வோர் ஏணிக்கும் ஒரு நல்வினையின் பெயர். விளையாட்டாகவே அறநெறி புகட்டும் உபாயம் அது. இதே பலகையில் கர்ப்ப காலத்தின் முதல் நாளிலிருந்து பேறு முடிந்த ஆறாவது வாரம் வரையுள்ள பயணத்தை வரையலாம். பாம்புகளுக்கு எவை பெயர்கள்? கடுந்தலைவலியும் கண்மங்கலும் கண்டும் குருதியமுக்கத்தை அளவாமை ஒரு பாம்பு. கழுவாத கை ஒரு பாம்பு. எல்லாவற்றிலும் நீளமான பாம்புக்குத் தாமதம் என்று பெயர். தாய்மார் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994இல் தடியஸ், மெய்ன் என்ற இரு அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். உதவி தேட முடிவெடுப்பதில் தாமதம், வைத்தியசாலையைச் சென்றடைவதில் தாமதம், சென்ற பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பவையே அம்மூன்று.

இவ்விடத்தில் ஆசிரியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாயக்கட்டை காட்டும் எண்ணை மட்டும் பின்பற்றி நகரும் ஆட்டம், அதிர்ஷ்டத்தை நம்பும்படிதான் கற்பிக்கும். ஆகவே கட்டத்தில் வந்து நின்றதும் மாணவி ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ள சம்பவத்துக்குத் தான் முதலில் என்ன செய்வாள், ஏன் செய்வாள் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பாம்பின் வாயிலிருந்து தப்பலாம். ஏணி ஏறுவதற்கும் விடை வேண்டும். சக மாணவிகள் அவ்விடையை ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். அந்த வாக்குவாதமே பாடம். வகுப்பறையில் எப்போதும் கை உயர்த்தும் ஓரிருவரும், எப்போதும் தலை குனிந்திருக்கும் பலரும் இருப்பது ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை. விளையாட்டில் எல்லோருக்கும் முறை வரும். தலை குனிந்திருந்தவளும் பேசித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவதே தலையாயது, அது கைக்கும் நாவுக்குமான விளையாட்டு. சிறுமியர் மணற்சோறு ஆக்கிப் பொம்மைக்குக் கல்யாணம் நடத்துகிறார்கள் அல்லவா? அதன் வளர்ந்த வடிவம் இது. ஒருத்தி தாயாக நடிப்பாள். அவள் வயிற்றில் கட்டிய பையினுள்ளே குழந்தைப் பொம்மையும், சூல்வித்தகத்தின் மாதிரியும், சிவப்பு நீர் அடைத்த பையும் இருக்கும். மெக்சிக்கோவில் தொடங்கிய புரொன்டோ என்ற பயிற்சித் திட்டத்தினர், வைத்தியசாலைப் பணியாளர் அணியும் காற்சட்டையையே மாற்றித் தைத்து இதற்குப் பயன்படுத்தினர். பெருஞ்செலவான இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆட்டம் தொடங்குகிறது. குழந்தை பிறந்துவிட்டது, அறையில் மகிழ்ச்சி. சற்று நேரத்தில் தாய், "மிஸி, எனக்குத் தலை சுத்துது" என்கிறாள். சிவப்பு நீர் வழியத் தொடங்குகிறது. மருத்துவிச்சியாக நிற்கும் மாணவி வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறாள். கருப்பை பந்துபோல் இறுகாமல் தளர்ந்து கிடக்கிறது. உடனே உதவிக்குக் கூப்பிட வேண்டும். கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். ஒட்சிற்றோசின் மருந்து ஏற்ற வேண்டும். சலப்பையை வெறுமையாக்க வேண்டும். நாளத்தினூடாகத் திரவம் செலுத்த வேண்டும். சூல்வித்தகம் முழுமையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் அறையைப் பார்த்து, "யாராவது மருந்தை எடுத்து வாருங்கள்" என்கிறாள். மூவர் இருக்கிறார்கள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அல்லது மூவரும் மருந்துக்கே ஓடுகிறார்கள். தாயின் அருகில் எவரும் இல்லை. நீர் வழிந்துகொண்டே இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக அமர்கிறார்கள். நடந்தது என்ன, நன்றாகச் செய்தது எது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்ற மூன்று வினாக்களே அங்கு எழும். அப்போதுதான், பெயர் சொல்லிப் பணிக்க வேண்டும் என்பதும், பணிக்கப்பட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் அவர்களுக்கே புலப்படும். "கமலா, நீர் ஒட்சிற்றோசின் பத்து அலகு எடும்" என்றால், "பத்து அலகு எடுக்கிறேன்" என்ற மறுமொழி வர வேண்டும். தாயாக நடித்தவளிடமும் கேட்க வேண்டும். "நீங்கள் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தீர்கள், என் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு என்ன நடக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. பயமாக இருந்தது" என்று அவள் சொல்லக்கூடும். இதை எந்தப் பாடநூலால் இவ்வளவு கூர்மையாகச் சொல்ல முடியும்? பொம்மையோடு பழகியவர்களைவிட, உயிருள்ள ஒருவர் தாயாக நடிக்கப் பயின்றவர்கள் தாயிடம் சிறப்பாகப் பேசினார்கள் என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வும் கண்டது.

இவற்றால் உண்மையில் உயிர் பிழைக்கிறதா என்பதே நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள சவுத்மீட் வைத்தியசாலையில், பேற்று விடுதிப் பணியாளர் அனைவரும், மருத்துவிச்சியும் வைத்தியரும் ஒன்றாக, ஆண்டுதோறும் ஒரு நாள் இத்தகைய ஆபத்து ஒத்திகையில் பங்குபற்ற வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் விதித்தனர். அதற்கு முன்னர், தோள்சிக்கலோடு பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 9.3 வீதமானவை காயமுற்றன. பயிற்சியின் பின் அது 2.3 வீதமாயிற்று. 2009 முதல் 2012 வரையான காலத்தை ஆராய்ந்தபோது, நிரந்தரமாகக் கை சோர்ந்த குழந்தை ஒன்றுகூட இருக்கவில்லை. தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அங்குள்ளவர்கள் முன்னரும் அறிந்தே இருந்தனர். பின்னரே அவர்கள் கைகளும் அதனை அறிந்தன.

மற்றொரு செய்தி நம்மை எச்சரிப்பது. வட தன்சானியாவிலுள்ள ஹைடொம் வைத்தியசாலையில், முன்னே சொன்ன குழந்தை மூச்சுப் பயிற்சியை ஒரு நாள் மட்டும் நடத்தினர். மாதங்கள் சில கழித்துப் பொம்மையை வைத்துச் சோதித்தபோது பணியாளர்கள் மிக நன்றாகச் செய்தனர். ஆனால் உண்மைப் பிரசவ அறையில் அவர்களுடைய செயல் மாறவில்லை! ஒரு நாள் விழாவாக நடந்த விளையாட்டு, அந்த நாளோடு முடிந்துபோயிற்று. பின்னர் அங்கேயே, பணியிடத்திலேயே, வாரந்தோறும் சில நிமிடங்கள் பழகும் ஒழுங்கைக் கொண்டு வந்தனர். அதன் பின் பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் தொகை ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2ஆகக் குறைந்தது.

இவ்விரு செய்திகளிலிருந்தும் ஆசிரியருக்குச் சில விதிகள் கிடைக்கின்றன. விளையாட்டு குறுகியதாகவும் அடிக்கடி நடப்பதாகவும் இருக்க வேண்டும். இயன்றவரை உண்மையாகப் பணிபுரியும் இடத்திலேயே நடக்க வேண்டும். அப்போதுதான் மருந்துப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற சிறிய விஷயமும் வெளிப்படும். மருத்துவிச்சியும் தாதியும் வைத்தியரும் ஒன்றாக ஆட வேண்டும். ஆபத்து அவர்களைத் தனித்தனியாகச் சந்திப்பதில்லை. ஆடிய பின் பேசாமல் கலைந்துவிடக் கூடாது. கற்றலில் பாதி அந்தப் பேச்சிலேதான் நிகழ்கிறது.

இன்னொரு விதியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விளையாட்டைப் பரீட்சையாக்கிவிடக் கூடாது. நம் கல்வி முறையில் எதைத் தொட்டாலும் புள்ளி போடுகிற பழக்கம் ஆழ ஊன்றியிருக்கிறது. புள்ளி போட்ட உடனே மாணவி பிழையை மறைக்கத் தொடங்குவாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவாள். பிழைவிட்டவளைப் பார்த்து ஆசிரியரே நகைத்தால், அவள் அடுத்த முறை வாய் திறவாள். பின்னொரு நாள் உண்மையான பிரசவ அறையில், மூத்தவர் ஒருவர் பிழை செய்வதைக் கண்டாலும் வாய் திறவாள். அந்த மௌனம் ஓர் உயிரைக் கொள்ளலாம். "எனக்குத் தெரியவில்லை, உதவிக்கு வாருங்கள்" என்று உரக்கச் சொல்லும் துணிவை அவள் இங்கேதான் பெற வேண்டும். பிழைவிட இடம் தருகிற வகுப்பே, பிழைவிடாத கையை ஆக்கித் தருகிறது.

சிலர் இதற்கு மறுப்புக் கூறுவர். தாயின் துன்பத்தை நடித்துச் சிரிப்பது அதனை இழிவுபடுத்துவதாகாதா என்பர். சிவப்பு நீர் வழியும்போது அந்த மாணவிகளின் முகத்தைக் கண்டவர்கள் அப்படிச் சொல்லார். நடிப்பென்று தெரிந்திருந்தும் அவர்கள் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. வேறு சிலர், இதற்கு நேரமேது, பணமேது என்பர். நேரம் சில நிமிடங்களே. பொருளோ, பழந்துணியும், பஞ்சும், சாயநீரும், கடதாசி அட்டையும், தைக்கத் தெரிந்த ஒரு கையுமே. இங்கிலாந்தில் நடந்த ஒப்பீட்டில், பெரும்பொருட்செலவில் அமைத்த பயிற்சி நிலையத்துக்குச் சென்றவர்களும், தம் வைத்தியசாலை அறையிலேயே பழகியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேர்ச்சியே பெற்றனர்.

விளையாட்டு எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உடற்கூற்று நூலை ஊன்றிப் படிக்காத மாணவிக்கு எந்தப் பொம்மையும் அறிவூட்டாது. உண்மையான தாயின் கையைப் பற்றி இரவு முழுதும் விழித்திருந்து பெறும் அனுபவத்துக்கு ஈடு எதுவும் இல்லை. மருந்தில்லாத அலமாரியையும், வண்டியில்லாத வைத்தியசாலையையும் ஒத்திகையால் நிரப்பவும் முடியாது. நூலறிவுக்கும் நேரடி அனுபவத்துக்கும் இடையே உள்ள ஆற்றைக் கடக்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலமே விளையாட்டு.

நேயர்களே, உங்களில் பலருக்கு மகளோ மருமகளோ பேற்றுக்குக் காத்திருக்கலாம். சிலரின் பெண்பிள்ளைகள் மருத்துவிச்சிப் பயிற்சிக்குச் சென்றிருக்கலாம். விடுமுறைக்கு வந்த பிள்ளை, "இன்று வகுப்பில் பொம்மையை வைத்து விளையாடினோம்" என்று சொன்னால், "இதற்கா உன்னை அனுப்பினோம்" என்று கடிந்துகொள்ள வேண்டாம். எத்தனை முறை விளையாடினீர்கள், உன் முறை வந்ததா, நீ பிழைவிட்ட இடம் எது என்று கேளுங்கள். அவள் இன்று பொம்மையிடம் விட்ட பிழையை, நாளை உங்கள் மகளிடம் விடமாட்டாள்.